சித்தி பார்த்து வந்த வேர்

என் முதல் மரம் குடையாகத்தான் பிறந்தது. பாலை மரம் என்று நினைத்துத்தான் படம் கீறினேன். பெரியப்பாவின் மகன், என் அண்ணா, கடதாசியை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார், பிறகு தன் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "மழை வந்தா உதவும்" என்றார். மாமாவின் மகள், என் மச்சாள், விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் அடுத்த முறை சேர்க்கமாட்டார்கள் என்பதால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பென்சிலைச் சீவினேன்.

நாங்கள் மூவரும்தான் ஊரின் ஓவியர்கள். அப்படி எங்களுக்கு நாங்களே பட்டம் சூட்டியிருந்தோம். கண்டாவளைப் பக்கத்தில், வீட்டுத்திட்டத்தில் கட்டத் தொடங்கிய எங்கள் வீடு யன்னல் உயரத்துக்கு வந்து, காசு முடிந்து, அப்படியே நின்றது; நாங்கள் பக்கத்தில் தகரக் கொட்டிலில் இருந்தோம். கூரையில்லாத அந்தச் சீமெந்து நிலம்தான் எங்கள் சித்திரக்கூடம். அங்கே ஒரு சட்டம் இருந்தது: மற்றவரின் படத்தில் வாய் வைக்கலாம், கை வைக்கக்கூடாது. எவ்வளவு பிழை என்றும் சொல்லலாம், பென்சிலை மட்டும் அந்தக் கடதாசியில் படவிடக்கூடாது. படத்தைத் தவிர வேறு கதையும் கூடாது.

கோட்டமட்டச் சித்திரப் போட்டிக்குப் பாடசாலையிலிருந்து ஒரே ஒரு படம் போகும், போவதற்கு முன் அது மண்டபச் சுவரில் தொங்கும் என்று ரீச்சர் சொல்லியிருந்தா. தலைப்பு, எங்கள் ஊர் மரம். எனக்குப் போட்டியைவிடச் சுவரில்தான் ஆசை. எங்கள் வீட்டில் ஒரு படம் தொங்குமளவுக்குச் சுவர் இன்னும் வளரவில்லை. அண்ணா பனையைத் தெரிந்தெடுத்தார். நேராக ஒரு கோடு, மேலே பரட்டைத் தலை, வேலை முடிந்தது. மச்சாள் வேம்பு. நான் மட்டும் விடாப்பிடியாகப் பாலை.

அந்தப் பாலையை நான் ஒருநாளும் கிட்ட நின்று பார்த்ததில்லை. யுத்தம் முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது எங்கள் காணிக்குப் பின்னால் இருந்த நிலத்தில் மிதிவெடி இன்னும் எடுக்கவில்லை. சிவப்பு நுனித் தடிகளும் மண்டையோட்டுப் பலகையும் வரிசையாக நின்றன. அவற்றுக்கு அப்பால், இடுப்பளவு புல்லுக்குள்ளே, அந்த மரம். பழக்காலத்தில் பாலைப்பழம் பழுத்துக் கொட்டும். காகங்களும் குரங்குகளும் ஒரு தடியையும் மதிக்காமல் போய்த் தின்றன. எட்டாத மரத்தைத்தான் மனம் சுற்றும்.

இரண்டாவது படம் குடையாக இல்லை. ஆனால் மச்சாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"நிழல் ரெண்டு பக்கமும் விழுது. உங்கட வளவில ரெண்டு சூரியனோடி? மற்றது, மரம் நிலத்தில நிக்கேல்ல, மிதக்குது. வேர் எங்க?"

"வேர் புல்லுக்க மறைஞ்சிருக்கு."

"பாக்காததைக் கீறினா இப்பிடித்தான் இருக்கும்" என்றார் அண்ணா. "கிட்டப் போய் நிண்டு பாத்திட்டுக் கீறு."

அவர் ஏதோ பெரிய ஓவியர் போலப் பொதுவாகத்தான் சொன்னார். தடிகள் அவருடைய நினைவிலேயே இல்லை. எனக்கோ அது சரியான ஆலோசனையாகப் பட்டது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, மிதிவெடி எடுக்கும் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். விடியமுன் வாகனம் வந்து ஏற்றிக்கொண்டு போகும். முகத்தை மூடும் கண்ணாடியும் பாரமான அங்கியுமாக வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறிவிட்டு, மத்தியானம் தாண்டி வருவார். அன்று பின்னேரம் அவர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் யோசித்து வைத்திருந்ததைக் கேட்டேன்.

"சித்தி, எங்கட காணிக்குப் பின்னால நீங்கள் வேலைக்கு நடந்துபோற பாதையில கால் வைச்சா வெடிக்காதுதானே? ஞாயிற்றுக்கிழமை அங்க ஒருத்தரும் இல்லைத்தானே?"

சித்தியின் கை கோப்பையில் நின்றது. அம்மா குசினிக்குள் இருந்தபடியால் நான் தப்பினேன். சித்தி ஏசவில்லை. ஏன் கேட்கிறேன் என்று விசாரித்தார். நான் படத்தைக் கொண்டுவந்து காட்டி, வேர் விஷயத்தைச் சொன்னேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"வேர்தானே? நான் பாத்துவந்து சொல்லுறன். என்னென்ன தெரியோணுமோ ஒவ்வொரு நாளும் என்னட்டக் கேள். ஆனா நீ தடியைத் தாண்டினியெண்டா ஒண்டும் சொல்லமாட்டன்."

சித்திக்கும் சித்திரத்தில் ஆசை பிடித்துவிட்டது என்று எனக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம். இப்படி ஒரு ஆள் உள்ளே போய்வரும்போது நான் எதற்குத் தடி தாண்டவேண்டும்?

அதற்குப் பிறகு தினமும் அவர் கிணற்றடியில் முகம் கழுவ முன்னமே நான் கடதாசியோடு நின்றேன். முதல்நாள் சொன்னார், வலப்பக்க வேர் படுத்திருக்கிற மாட்டின் முன்னங்கால் மாதிரி மடிந்து கிடக்கிறதாம். அடுத்தநாள் ஒரு இலையே மடியிலிருந்து வந்தது. தடித்த இலை, நுனி கூராக இல்லாமல் உள்ளே வாங்கியிருந்தது. நான் அதுவரை மாவிலையைத்தான் கீறியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பட்டை எப்படி என்று கேட்டேன். வற்றின குளத்தின் அடி மாதிரிப் பாளம் பாளமாய் வெடித்திருக்கிறது என்றார். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு பொந்து இருக்கிறது, அதில் கிளி இருக்கிறது என்றார்.

சித்திரக்கூடத்தில் என் மரம் நாளுக்கு நாள் மதிப்பு ஏறியது. மச்சாள் ஒரு சூரியனை அணைக்கச் சொன்னாள், அணைத்தேன். வேரின் மடிப்பில் கறுப்பைக் கூட்டச் சொன்னாள், கூட்டினேன். பொந்தைப் பார்த்துவிட்டு, "இது பொந்தில்ல, பொட்டு. ஆழம் காணாது" என்றாள். நான் ஓடிப்போய்ச் சித்தியிடம் எவ்வளவு ஆழம் என்று கேட்டேன்.

"முழங்கை மட்டும் போகும்."

"கைவிட்டுப் பாத்தனீங்களோ?"

"ஓம்" என்றார் சித்தி, அரிசி களைந்தபடி.

அண்ணாவுக்கு மட்டும் ஏதோ இடித்தது. "சித்தியாக்கள் இப்ப வாய்க்கால் பக்கமெல்லோ வேலை செய்யினம்?" என்று இழுத்தார். மச்சாள் உடனே எங்கள் சட்டத்தை நினைவுபடுத்தினாள். படத்தைப் பற்றி மட்டும்தான் கதைக்கலாம். அண்ணா தன் பனைப் படத்துக்குத் திரும்பினார். பொறாமை என்று நான் நினைத்தேன்.

பாடசாலை என் படத்தைத்தான் அனுப்பியது. மண்டபச் சுவரில் அது தொங்கியபோது நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாட்டில் எத்தனையோ தரம் அந்தப் பக்கம் போனேன். போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் திரும்பி வந்த படத்தின் பின்னால் நடுவர் ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தார்: கூர்ந்து அவதானித்து வரையப்பட்டுள்ளது. ரீச்சர் அதை வகுப்பில் உரக்க வாசித்தா. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

அந்த வருட மாரி மழை கழிந்து வெகுகாலத்துக்குப் பிறகுதான் அந்த நிலத்திலும் வேலை தொடங்கி முடிந்தது. தடிகளைப் பிடுங்கினார்கள், பலகையைக் கழற்றினார்கள், காணிக்காரரைக் கூப்பிட்டுக் கையளித்தார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, நான் படத்தை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன். பாலை மரத்தடியில் நின்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன்.

மாட்டின் கால் அங்கே இல்லை. மரம் நட்ட தூண் மாதிரி நேரே மண்ணுக்குள் போயிருந்தது. பின்பக்கம் போனேன். பொந்து இல்லை, கிளி இருந்த தடமும் இல்லை. சரியாக இருந்தது இலையும் பட்டையும்தான், அது எந்தப் பாலைக்கும் பொருந்தும். ஒருவேளை வேறு மரமோ என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அந்த நிலத்தில் வேறு பாலையே இல்லை.

வீட்டுக்கு வந்த வேகத்தில் நான் குசினி வாசலில் நின்று கத்தினேன். சித்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் பொய் சொன்னனீங்கள்."

"ஓம், பொய்தான்."

"வேர்?"

"வேரும் பொய்தான். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை."

"அந்தக் கிளி?"

"கிளியும்தான்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சித்தி துருவலை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"மரத்தடிக்குப் போனனியோ?"

"போனனான்."

"சுத்திவர நடந்தனியோ?"

"நடந்தனான். ஒண்டும் இல்லை அங்க."

"ரெண்டு காலையும் ஊண்டி நிண்டனியோ?"

"ஓம், ஓம்."

சித்தி சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளில் முகத்தைத் துடைத்தார். பொய் சொன்னது போதாதென்று நையாண்டி வேறு பண்ணுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதோ பாருங்கள், இந்த வேரைப் பாருங்கள், இந்தப் பொந்தைப் பாருங்கள் என்று படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவேயில்லை. மரத்தடி மண் ஒட்டியிருந்த என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.