அக்கா சுமந்த அம்பு

போன வாரம் குமுளியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. முன்கண்ணாடியில் மிக்கேல் சம்மனசின், அதுதான் தேவதூதரின், படம். கையில் வாள், காலடியில் சாத்தான். போலீஸ்காரர்களுக்குக் காவல் அவர்தான். இதை நானும் கேரளா போலீஸில் சேர்ந்த பிறகு கூட்டாளி ஔசேப்பு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் என் அக்கா வேறொரு புனிதரிடம் மனுப் போட்டு, அது பாஸாகியும்விட்டது.

சின்னக்கானல் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி என்னை ஆளாக்கியவள் அக்கா. நாங்கள் சுடலைமாடனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் செபஸ்தியார் பெருநாளுக்குச் சர்ச்சிலிருந்து மெழுகுதிரிகளோடு வரும் வெள்ளி அம்பு, சாதி மதம் பார்க்காமல் தொழிலாளர் லயத்தில் வரிசையாக எல்லா வீட்டுக்குள்ளும் நுழையும். வீட்டில் மூத்தவர் அதை வாங்கி, ஒவ்வொருவர் தலையிலும் வைத்துப் பெயர் சொல்லி வேண்டுவது எங்கள் லயத்து வழக்கம். உருகிய மெழுகு மணம் எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் உச்சந்தலை குறுகுறுக்கும்.

"செபஸ்தியாரே, இவன போலீஸாக்கிரும். ஒம்ம அம்ப வெறுங்காலோட நானே சுமக்கேன்" என்று வேண்டினாள். வேலை கிடைத்தது, சொன்னபடி சுமந்தாள்.

ஔசேப்பு விழுந்து விழுந்து சிரித்தான். "எடா, செபஸ்தியார் பட்டாளத்துக்காரங்களுக்கு. நமக்கு மிக்கேலாக்கும்!" அக்காவிடம் சொன்னேன். "காக்கி போட்டவன் எல்லாம் ஒண்ணுதாம்ல. அவரு என்ன வித்தியாசமா பாக்கப்போறாரு?" என்றாள். ஔசேப்பு சொன்ன கதையையும் சொன்னேன்: ராஜாவின் சிப்பாயாக இருந்தும் சாகப்போகிற கைதிகள் பக்கம் நின்றாராம். அவரை மரத்தில் கட்டி, கூட இருந்த சிப்பாய்களை வைத்தே அம்பு எய்தார்களாம். "அய்யோ பாவம்" என்றாள். கதை சொன்ன நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம் அக்காவின் எஸ்டேட்டிலேயே கூலி உயர்வு கேட்டுப் போராட்டம். பெண்கள் ஆபீஸ் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். எங்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அடிக்கச் சொன்னார்கள், அடித்தோம். எல்லாரும் தலையில் துண்டும் இடுப்பில் சாக்குமாக ஒரே மாதிரி இருந்தார்கள், முகம் தெரியவில்லை என்று பின்னால் எல்லாரிடமும் சொன்னேன். பொய். முகம் தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடவும் செய்தாள். நான் ஓங்கிய லத்தி அவள் வலது கையில் இறங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கையின் இரண்டு விரல் மடங்கவில்லை, கொழுந்து கிள்ள ஆகாமல் போயிற்று.

அடுத்த பெருநாளுக்கு லீவு போட்டுப் போனேன். அம்பு வந்தது. அக்கா இடது கையால் வாங்கினாள். அத்தான் தலையில் வைத்தாள், பிள்ளைகள் தலையில் வைத்தாள். நான் குனிந்து நின்றேன். அம்பைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டாள்.

"அம்பு பட்டவருகிட்ட வேண்டி, அம்பு விடுதவனை வாங்கியிருக்கேன். எந்தப் பேரச் சொல்லி இனி வேண்ட?"

வெட்கங்கெட்டவன், சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

அந்த லயத்தை இடித்து ரிசார்ட் கட்டியிருக்கிறார்கள். அம்பு இப்போது அந்தப் பக்கம் வருவதில்லை. அக்காவும் போய்விட்டாள். பென்ஷன் வாங்குகிறேன். தொப்பி போட்டுப் போட்டு வழுக்கையான இந்தத் தலையில் கை வைத்துப் பெயர் சொல்ல ஒருத்தருமில்லை.