அதிகாரி சட்டை போன வழி

டீச்சருக்கு வாய் சும்மா இருக்காது. வீட்டில் அவர் ஒரு விஷயத்தை விளக்க ஆரம்பித்தால் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். மகள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் பேச்சை இரண்டு மணி நேரம் முழுதாகக் கேட்ட ஒரே கூட்டம், சனிக்கிழமை காலைகளில் நூலக மாடியில் கூடிய பெரியவர்கள் வகுப்புதான். அந்த வகுப்பு என்றால் அவருக்கு உயிர்.

பாடத்தின் பெயர் உலகமயமாக்கலும் சுற்றுச்சூழலும். படிக்க வந்தது பதினோரு பேர்; சலவைக்கடை அக்கா, லாரிக்காரர், சாயப்பட்டறைக்காரர் எல்லாம் அதில் உண்டு. வகுப்பை நடத்தும் அலுவலகம் கொடுத்த புத்தகம் முதல் பக்கத்திலேயே கொட்டாவி விட வைத்ததால், டீச்சர் அதை ஆடும் மேசைக்கு முட்டாக வைத்துவிட்டார். பதிலாக ஒரு வழக்கம் வைத்தார். உள்ளே வருகிறவரின் சட்டைக் காலரை முன்னால் வந்தவர் திருப்பி, எந்த நாட்டில் தைத்தது என்று படிக்க வேண்டும். பிறகு பஞ்சு விளைந்த இடம், சாயம் ஏறிய இடம், தைத்த இடம் என்று சுவரிலுள்ள உலகப் படத்தில் ஊசி குத்தி நூல் இழுக்க வேண்டும். வழியில் எந்த ஆறு கெட்டது, எவ்வளவு புகை போனது என்று சண்டை நடக்கும். பத்து வாரத்தில் படம் ஒட்டடை பிடித்த மூலை மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதிகாரி வருவார், புத்தகத்திலிருந்து கேள்வி கேட்பார், பதில் வராவிட்டால் வகுப்புக்கு மூடுவிழா.

அதிகாரி வந்து உட்கார்ந்ததும் கேட்டார். "உலகமயமாக்கல்னா என்ன? யாராவது சொல்லுங்க."

பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள். சலவைக்கடை அக்கா மட்டும் எழுந்தாள். டீச்சருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அவள் நேராகப் போய் அதிகாரியின் பின்னால் நின்று, பழக்க தோஷத்தில், காலரைத் திருப்பிவிட்டாள்.

"என்னம்மா பண்றீங்க!"

"உள்ள வந்தா காட்டணும் சார். அதான் இங்க சட்டம்." நாட்டுப் பெயர் போட்ட துணிச்சீட்டு காலரில் இல்லை, விலாப் பக்கத் தையலில் இருந்தது. "கழட்டிக் குடுத்துருங்க சார், வேலை சீக்கிரம் முடியும்."

ஏன் கழற்றினோம் என்று அவருக்கே பிறகும் புரிந்திருக்காது. அதிகாரி பனியனோடு உட்கார்ந்திருக்க, கருநீலச் சட்டை கைமாறிக்கொண்டே போனது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தைச்சது கடல் தாண்டி," என்றார் லாரிக்காரர். "பஞ்சு வேற நாட்டுலேந்து வரும். சாயம் ஏத்தின துணிய நான்தான் கப்பலுக்குக் கொண்டு போவேன். தைச்ச சட்டையையும் நான்தான் திருப்பி ஏத்திட்டு வருவேன்."

சாயப்பட்டறைக்காரர் சட்டையின் மேல் தன் கையை வைத்தார். அவர் நகக்கண்ணில் இருந்ததும் அதே கருநீலம்.

"இது எங்க தொட்டியில ஏறின சாயம் சார். கழுவின தண்ணிய ஓடையில விடுவோம். அந்தப் பக்கத்துக் கிணத்துல யாரும் குடிக்கிறதில்ல இப்போ."

அதிகாரியின் முகம் மாறியது. "என் வீடு அந்த ஓடைப் பக்கம்தான். தெரிஞ்சே ஏன்யா அங்க வேலை பாக்குறீங்க?"

"நீங்க ஏன் சார் இந்தச் சட்டைய வாங்குனீங்க?"

"விலை கம்மியா இருந்துச்சு."

"எனக்கும் வீட்டுல அஞ்சு வயிறு சார்."

அதிகாரி டீச்சர் பக்கம் திரும்பினார். "அப்போ என்னதான் பண்றது? உங்க பாடத்துல இதுக்குப் பதில் இருக்கா?"

எதைக் கேட்டாலும் எட்டு ஊருக்குப் பதில் வைத்திருக்கும் டீச்சர் சுவர்ப் படத்தின் நூல்களைப் பார்த்தார். "இல்ல சார். எனக்குத் தெரியல." சொன்னதும் வகுப்பு போய்விட்டது என்றே நினைத்தார்.

அதிகாரி பனியனோடேயே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அந்தக் கேள்விக்குப் பதில் தேட இன்னும் மூன்று மாதம் நடத்தலாம் என்றிருந்தது.

பத்துப் பேர் கை தட்டினார்கள். சாயப்பட்டறைக்காரர் மட்டும் தட்டாமல், "அப்போ அடுத்த வாரம் அந்தக் கேள்விதானே டீச்சர்?" என்றார்.

முப்பது வருடம் பாடம் நடத்தியவருக்கு, முதல் தடவையாக, வகுப்புக்கு வரப் பயமாக இருந்தது.