மணிக்கம்பியைத் தொடாதவர்கள்

அன்று சுரங்கத்துக்குள் எங்கள் லெவலில் இருந்தவர்களைச் சொல்கிறேன். எங்களை ஏற்றி இறக்கும் கூண்டு, அந்தக் கேஜில் ஏறும் வரிசையில் சொன்னால்தான் எனக்கு நினைவு வரும். முதலில் மணிக்காரர். அவருக்கு அடுத்து சம்மட்டிக்காரர். அவருக்கு உளி பிடிக்கும் அவருடைய மச்சான். அப்புறம் கல் வாருகிறவர்கள் இரண்டு பேர், பூதிகோட்டைப் பக்கத்து ஆட்கள். கடைசியில் நான், வண்டி தள்ளுகிறவன்.

மேஸ்திரி இருந்திருந்தால் அவர்தான் முதலில் ஏறுவார். அன்று அவர் மேல் லெவலில் இருந்தார். துரை தரைக்கு மேலே.

மணிக்காரரின் வேலை மணிக்கம்பியை இழுப்பது. கம்பி, கேஜ் ஏறி இறங்கும் ஷாஃப்டின் ஓரமாகக் கீழிருந்து இஞ்சின் வீடுவரை போகும். கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். இஞ்சின்காரர் மணியை எண்ணி கேஜை அசைப்பார். ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு இறக்கு. மூன்று, ஆட்களோடு ஏற்று. ஏழு என்றால் அடிபட்ட ஆள், உடனே கேஜ் வேண்டும். இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். தினமும் கேட்பதுதானே.

ஆனால் கம்பியை மணிக்காரர் தவிர யாரும் தொடக்கூடாது. நான் வேலைக்கு வருவதற்கு முன்னால் யாரோ ஒருவன் கை தவறி அடித்து, பாதி ஏறிய ஆளோடு கேஜ் கிளம்பிவிட்டதாம். அதற்குப் பிறகு பலகை மாட்டினார்கள். எங்களில் அதை வாசிக்கத் தெரிந்தவர் இல்லை. மேஸ்திரி வாயால் சொன்னார். தொட்டவனுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழியும், சாயங்காலத்துக்குள் குடிசையைக் காலி பண்ண வேண்டும். அப்படி இரண்டு குடும்பம் சட்டி பானையோடு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சம்மட்டிக்காரர் தினமும் மணிக்காரரைச் சீண்டுவார்.

"கம்பிய இழுக்கறதுக்கு இன்னா ஜம்பம் பாருடா மச்சான். கோயில் மணி அடிக்கிற ஐயரு கணக்கா நிக்கிறாரு."

மணிக்காரர் விடமாட்டார். "நீ நூறு தரம் அடிச்சாலும் இங்கியேதான் நிப்ப. நான் மூணு தரம் இழுத்தாத்தான் நீ வூட்டுக்குப் போவ."

எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

அன்று பகல் ஷிப்ட். சோறு தின்று முடித்து எழுந்திருந்தோம். மணிக்காரர் தன் இடத்தில், கம்பிக்குக் கீழே, குந்தியிருந்தார். மேலேயிருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. பெரிய கல் இல்லை. ஒரு ஆள் புரட்டக்கூடியதுதான். தொடைமேல் விழுந்தது.

கல்லைப் புரட்டினோம். எலும்பு வெளியே தெரிந்தது. சம்மட்டிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். துண்டு சீக்கிரம் நனைந்துவிட்டது.

மச்சான் எழுந்து கம்பிப் பக்கம் கையை நீட்டினான்.

"தொடாதடா," என்றார் மணிக்காரர். படுத்தபடியே சொன்னார். "உன் பொண்டாட்டி மாசமாக் கீறா. எங்கடா போவ?"

கை கீழே இறங்கியது.

"என்னைத் தூக்குங்க. நான் அடிக்கிறேன்."

தூக்கினோம். நாலு பேர் அவரை நிமிர்த்திப் பிடித்தோம். கால் தொங்கியது. அப்போதுதான் அவர் கத்தினார், அந்த ஒரு தரம்தான். பிறகு கம்பியைப் பிடித்து இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அதோடு கை வழுக்கி விழுந்தது.

நான்கு என்று ஒரு கணக்குக் கிடையாது. கணக்கில் இல்லாத மணி கேட்டால் இஞ்சின்காரர் கேஜை அசைக்கக்கூடாது. மறுபடி சரியாக அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அது அவருக்கு உள்ள சட்டம். அவர் காத்திருந்தார்.

"அவரு கையப் புடிச்சி நாம இழுத்தா இன்னா?" என்று கேட்டான் கல் வாருகிறவன் ஒருவன்.

"அப்ப இழுக்கறது யாரு? அவரா, நீயா?" என்றார் சம்மட்டிக்காரர்.

மேலே கூப்பிட்டால் கேட்காது. பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரியக் கேட்டுக்கினு வரேன்," என்றேன். நான்தான் கடைசி ஆள். இந்த மாதிரி வேலை என்னுடையது.

மேல் லெவலுக்கு ஏணி உண்டு. ஏறத் தொடங்கியதுமே தண்ணீர் சொட்டி என் மெழுகுவத்தி அணைந்தது. இருட்டில் படியை எண்ணிக்கொண்டே ஏறினேன். எண்ணினால் கை தடுமாறாது.

மேஸ்திரி அந்த லெவல் மணிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கம்பிய எவனாவது தொட்டானா?" அதுதான் அவர் முதலில் கேட்டது.

"இல்ல மேஸ்திரி. அவரேதான் அடிச்சாரு. நாலோட நின்னுப் போச்சி."

"அதானா அந்த நாலு!" என்றார். அங்கேயும் கேட்டிருக்கிறது. பிறகு அந்த லெவல் மணிக்காரரைப் பார்த்தார். அவர் அடித்தார். கேஜ் வந்தது. மேஸ்திரி முதலில் ஏறினார், அப்புறம் மணிக்காரர், அப்புறம் நான். அந்த அவசரத்திலும் எங்கள் கால்களுக்கு வரிசை தெரிந்தது.

கீழே எங்கள் மணிக்காரரை இன்னும் கம்பிக்குப் பக்கத்திலேயே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் தெம்பு வந்தால் மறுபடி ஏழையும் அடித்துவிடுவார் என்று. கண் திறந்திருந்தது. மேல் லெவல் மணிக்காரர் கம்பியிடம் போய்த் தயங்கினார். அது அவர் லெவல் இல்லை. மேஸ்திரி தலையசைத்தார். இந்தக் கேஜில் அடிபட்ட ஆள் வருகிறார் என்று அவர் ஏழு அடித்தார்.

அடிபட்டவரை முதலில் ஏற்றினோம். மேஸ்திரி இரண்டாவதாக ஏறி நான் பார்த்தது அன்றுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போயிற்று. புண் கட்டும் டிரெஸ்ஸர் துண்டைப் பிரித்துப் பார்த்தார். கல் விழுந்து எவ்வளவு நேரம் என்று கேட்டார். மேஸ்திரி என்னவோ சொன்னார். எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

மறுநாள் துரை எங்கள் ஐந்து பேரையும் நிற்க வைத்தார். கம்பியை யார் தொட்டது என்று மேஸ்திரி மூலமாகக் கேட்டார். யாரும் தொடவில்லை என்றோம். "குட்" என்றார். அந்த வார்த்தை எங்களுக்குத் தெரியும். ஏணி ஏறிப்போய் உத்தரவு கேட்டவன் யார் என்றார். மேஸ்திரி என்னைக் காட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை நான் மணிக்காரன். கேஜில் கடைசியாக ஏறியவன், மேஸ்திரிக்கு அடுத்ததாக ஏறினேன். சம்மட்டிக்காரர் எனக்கு வழிவிட்டு நின்றார். கேலி ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே பேசவில்லை.

பதினோரு வருஷம் அந்தக் கம்பிக்குக் கீழே நின்றேன். ஒரு தரம் புது ஆள் ஒருவன் களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தான். அவன் கை கம்பிப் பக்கம் போனது. நான் யோசிக்கவே இல்லை, அதற்குள் அவன் கையில் அடித்திருந்தேன். அவன் "மன்னிச்சிடுங்கண்ணே" என்றான். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

இறந்துபோன மணிக்காரரின் மனைவி, அப்போதே, காரியமெல்லாம் முடிந்ததும் ஆண்டர்சன்பேட்டையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனார். மணிக்காரனுக்கு உள்ள அந்தக் குடிசை இனி எனக்கு. மூட்டை கட்டிய பிறகு வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏந்தம்பி, அந்தக் கம்பி உங்களுக்கெல்லாம் எட்டாத ஒசரத்துலயா இருந்துச்சி?"

"இல்ல அண்ணி," என்றேன்.

அவர் மூட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

நின்றால் அந்தக் கம்பியின் முனை என் தோள் உயரத்துக்கு வரும். அன்று நான் ஏறிய படிகள் நூற்றுப் பதினான்கு.