திதியை மாற்றிய பதிப்பு

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குத் தியாகராய நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் கூடிய குழுவொன்றில், தொண்ணூறுகளின் பிற்பகுதியில், நானும் இருந்தேன். கணிப்பொறி நிரல்களை எழுதி, அவற்றின் மூலநிரலையும் மறைக்காமல், கேட்டவர்க்கெல்லாம் பிளாப்பியில் இலவசமாகக் கொடுப்பது அவர்கள் கொள்கை. கொள்கையோடு எனக்குப் பிணக்கில்லை. அதைச் சுமந்து திரிந்தவர்களைத்தான் என்னால் மதிக்க முடியவில்லை.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்தேன். அவர்கள் உருவாக்கிய பஞ்சாங்க நிரலுக்குத் தமிழில் கையேடு வேண்டுமென்று கேட்டார்கள். கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். அது அச்சாகி வருவதற்குள் நிரல் மூன்று முறை மாறிவிட்டது. நான் ஒரு பக்கம் முழுக்க விளக்கியிருந்த மெனு திரையிலேயே இல்லை. எங்கே என்று கேட்டேன். “பார்க்க நல்லா இல்ல சார், தூக்கிட்டோம்” என்றார்கள். கட்டி முடித்த வீட்டில் குடியேறியவன் உறங்கும்போது வாசற்படியை இடம் மாற்றி வைத்துவிட்டு, அதற்குப் பாராட்டையும் எதிர்பார்க்கும் கொத்தர்களின் கூட்டம் அது.

அவர்களுள் முதன்மையானவன் அடையாற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான்; முப்பதை நெருங்கியவன், நல்ல வேலையில் இருந்தவன். ஒரு வாரம் புதிய பதிப்பு வெளிவராவிட்டால் அவனுக்கு உடம்பு சரியில்லாததுபோல் ஆகிவிடும். எந்தக் குறையைச் சொன்னாலும் அவனிடம் ஒரே மருந்துதான்: “புதுசு எடுத்துக்கோங்க.” பழைய பதிப்பை அவர்கள் வைத்துக்கொள்வதுமில்லை. அது இருந்த பிளாப்பியிலேயே புதியதை ஏற்றிவிடுவார்கள்.

அந்த நிரலை உண்மையாகவே பயன்படுத்தியவர் என்று நான் அறிந்தவர் ஒருவரே. மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்கு மேற்கே குடியிருந்த சாஸ்திரிகள். ஏதோ ஒரு வங்கி கழித்துவிட்ட கணிப்பொறி ஒன்றும் அச்சுப்பொறி ஒன்றும் அவரிடம் இருந்தன. ஏறத்தாழ நாற்பது வீடுகளுக்குச் சடங்குகள் செய்துவைக்கும் வாத்தியார் அவர். எந்த வீட்டில் யாருடைய திதி எந்நாளில் வருகிறது என்பதை ஒரு தாளில் அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்துவிடுவார். அந்தத் தாளை நம்பியே அவர்கள் திவசம் செய்தார்கள். அதில் ஒரு நாள் பிசகினால் அந்த வீடு போய்விடும். அந்த வீட்டின் வாயால் இன்னும் பத்து வீடுகள் போகும்.

பஞ்சாங்கம் கணிப்பதில் இரண்டு வழிகள் உண்டு. வாக்கியம் பழையது, திருக்கணிதம் வானில் சந்திரன் நிற்கும் இடத்தை ஒட்டியது. பெரும்பாலான நாள்களில் இரண்டும் ஒரே விடையைத் தரும். சில நாள்களில் சில மணி நேரம் வேறுபட, திதி மறுநாளுக்கு நழுவும். சாஸ்திரிகளின் வீடுகள் அனைத்தும் வாக்கியத்தைப் பின்பற்றியவை. நிரலும் தொடக்கத்தில் அப்படித்தான் கணித்தது.

அவருடைய அச்சுப்பொறியில் தாளின் கடைசி வரி விழாமல் போயிற்று. முறையிட்டார். அடுத்த ஞாயிறே அதைத் திருத்திய பதிப்பு ஆயத்தமாகிவிட்டது. ஒவ்வொரு பதிப்போடும் மாற்றங்களைச் சொல்லும் அறிவிப்புத் தாள் ஒன்று போகும். அதை எழுதுவது என் பொறுப்பு. முதன்மையானவன் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினான். அதில் இருந்தது இது: “பிரிண்டர் பக் ஃபிக்ஸ் பண்ணியாச்சு. கால்குலேஷன் இனிமே திருக்கணிதம்தான். பழசு வேணும்னா செட்டிங்ஸ்ல போய் மாத்திக்கணும்.”

இதைத் தமிழென்று எவன் ஒப்புவான்? முகம் சுளித்தபடி எடுத்துச் சென்று இவ்வாறு எழுதினேன்: “அச்சுக் குறை களையப்பெற்றது. கணிப்பும் முன்னினும் செம்மையுற்றுள்ளது.” ஓசையும் அடக்கமும் கூடி வந்தனவென்று எனக்கு அன்று நிறைவாகவே இருந்தது.

ஐப்பசியில் ஆதம்பாக்கத்து வீடொன்றில் தாயாரின் திவசம். தாளில் கண்டபடி வியாழக்கிழமை செய்து முடித்தார்கள். மாலையில் அந்த வீட்டுக்காரரின் தமக்கை தொலைபேசியில் அழைத்து, தன் வீட்டுப் பஞ்சாங்கத்தில் அம்மாவின் திதி புதனோடு முடிந்துவிட்டதென்று சொல்லி அழுதிருக்கிறார்.

அந்த ஞாயிறு சாஸ்திரிகள் மாடியேறி வந்தார். துணிப்பையிலிருந்து தாளையும் பஞ்சாங்கத்தையும் எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

முதன்மையானவன் பார்த்தான். “இது தப்பில்ல மாமா. இதுதான் கரெக்ட். நிலா நிஜமா எங்க இருக்கோ அத வச்சுப் போடுது.”

“நிலா எங்க வேணா இருந்துட்டுப் போகட்டும். அந்தம்மா புதன்கிழமை வந்து வாசல்ல காத்துண்டு நின்னிருப்பாளே, அவாளுக்கு யார் பதில் சொல்றது?”

பின்வரிசையில் ஒருவன், “மச்சி, அடுத்த ரிலீஸ்ல ஒரு சாரி ஸ்கிரீன் போட்டுடலாமா?” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

“கால் வலின்னு வந்தேன், கண்ணை மாத்தி அனுப்பிட்டேள்” என்றார் சாஸ்திரிகள்.

“பிரிண்டர் சரியாச்சுல்ல மாமா?”

“ஆச்சு. தப்பு இப்போ கடைசி வரி வரைக்கும் நன்னா விழறது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மாத்தினா ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?”

“சொன்னோமே, பேப்பர்ல இருக்கே” என்று முதன்மையானவன் கோப்பிலிருந்து அறிவிப்பை உருவினான். படித்தான். மறுபடியும் படித்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். தான் கொடுத்த சீட்டு அவனுக்கு நினைவிருந்தது. எனக்கும் இருந்தது.

“இன்னும் தெளிவாப் போட்டிருக்கணும் மாமா. எங்க தப்புதான்” என்றான்.

அவனிடம் அந்தப் பண்பை நான் எதிர்பார்த்ததில்லை. அவனிடமிருந்து வந்ததாலேயே அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

சாஸ்திரிகள் அந்தத் தாளை வாங்கினார். “இது யார் எழுதினது?”

“நான்” என்றேன்.

“அப்பவே வாசிச்சேன். செம்மைன்னு போட்டிருந்தது. சரி, ஏதோ நன்னா ஆயிருக்குன்னு நெனச்சுண்டேன்.”

அதில் ஏளனம் இருந்ததா என்று எனக்கு விளங்கவில்லை. இருந்திருந்தால் தாங்குவது எளிதாக இருந்திருக்கும்.

முதன்மையானவன் கணிப்பொறியில் நிரலைத் திறந்து, மெனுவில் எங்கே போய் வாக்கியத்துக்கு மாற்ற வேண்டுமென்று காட்டினான். இரண்டே தட்டல்கள். சாஸ்திரிகள் கூர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “அடுத்த வாரம் அது அங்கேயே இருக்குமோ?”

அவர் பஞ்சாங்கத்தைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவருக்கென்று எடுத்துவைத்திருந்த புதிய பிளாப்பியை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆதம்பாக்கத்தார் அடுத்த அமாவாசையன்று திவசத்தை மறுபடி செய்தார்கள். வேறொரு வாத்தியாரை வைத்து. சாஸ்திரிகள் அந்த ஆண்டின் மிச்சத் திதிகளைக் கையால் எழுதி வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். எத்தனை வீடுகள் அவருக்கு மிஞ்சின என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு போனபோது அந்த மெனு வேறு இடத்துக்குப் போயிருந்தது, பெயரும் மாறியிருந்தது. முதன்மையானவன் வழக்கம்போல் சீட்டை நீட்டினான். ரிலீஸும் செட்டிங்ஸும் மலிந்த நான்கு வரிகள். உட்கார்ந்து, ஓர் எழுத்தும் மாற்றாமல், அப்படியே படியெடுத்தேன்.