தானாகப் பூட்டிக்கொண்ட ரிவோல்வர்

1. முறைப்பாடு

“அண்ணை, சத்தியமா நான் பூட்டேல்லை. அது தானாப் பூட்டினது.”

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் நான் வேலை செய்யும் துப்பாக்கிப் பட்டறைக்குள் வந்து, பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சுகந்தி சொன்ன முதல் வார்த்தைகள் இவை. டுசல்டோர்ஃபில் டிராம் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு துப்பாக்கிச்சூட்டுக் கழகத்தில் ரிவோல்வர் சுடுவார். போருக்குத் தப்பி ஓடிவந்த யாழ்ப்பாணத்தான் துப்பாக்கி திருத்திப் பிழைக்கிறான் என்று என்னைப் பகிடி பண்ணும் எங்கள் சனம், சுகந்தியையும் விட்டுவைக்கவில்லை. இரண்டு பேரும் அதற்குப் பழகிவிட்டோம்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்காகப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது வரும் ரிவோல்வர்கள் சிலவற்றில் உள்ளேயே ஒரு பூட்டு இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு சிறு துளை. அதில் சின்னச் சாவியை விட்டுத் திருப்பினால் உள்ளேயிருந்து ஓர் இரும்பு நாக்கு வெளியே தெரியும்படி எழும்பி, தோட்டாவை அடிக்கும் சுத்தியலைப் பிடித்துக்கொள்ளும். பிறகு விசை அசையாது. அறியாதவர் கையில் அகப்பட்டாலும் வெடிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆனால் சுடும்போது வரும் உதைப்பில் அந்த நாக்கு தானாகவே எழும்பிவிடுமோ என்ற பயம் சுடுகிறவர்களிடம் எப்போதும் உண்டு. வெறும் கதை என்று சிலர் சிரிப்பார்கள். தங்களுக்கே நடந்தது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை.

சுகந்திக்கு அது நடந்தது அணித் தெரிவுப் போட்டியின் நடுவில். நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தவருக்கு விசை திடீரென்று கல்லாக நின்றது. குழலை இலக்கைவிட்டு விலக்காமல், மற்றக் கையை உயர்த்தியிருக்கிறார். கழகத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர் பிரான்ட் வந்து பார்த்தார். நாக்கு எழும்பி நின்றது.

“சாவியை அரைகுறையாகத் திருப்பிவிட்டு வந்திருக்கிறீர்கள். உதைப்பின் அதிர்வில் மிச்சமும் திரும்பிவிட்டது” என்றார் பிரான்ட். தவறு சுடுநரின் கணக்கில் எழுதப்பட்டது.

அணியில் இடம் போனதைவிடப் பெரிய அடி வேறொன்று. சூட்டுத்திடலின் மேற்பார்வையாளராகச் சுகந்தியை நியமிக்க இருந்தார்கள். தன் துப்பாக்கியின் பூட்டையே கவனிக்காதவரிடம் மற்றவர்களின் பாதுகாப்பை எப்படி ஒப்படைப்பது என்று நிர்வாகக் குழுவில் கேள்வி எழும்பிவிட்டது.

“நான் டிராம் ஓட்டுறன் அண்ணை. ஒவ்வொரு நாளும் பிரேக் பாத்துத்தான் வண்டியை எடுக்கிறன். இதை மறப்பனே?” என்று கேட்டார் சுகந்தி.

பட்டறையின் சொந்தக்காரி ஹெல்கா. எனக்குத் தொழில் கற்றுத்தந்த மாஸ்டரும் அவர்தான். தூரத்தில் நின்று கேட்டவர் ஜெர்மனில் என்னிடம், “அந்தப் பூட்டைக் கழற்றி எறி. அரைவாசிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள்” என்றார்.

“கழற்றினால் ரிவோல்வர் சுடும். ஆனால் சுகந்தி மறதிக்காரி என்ற பேர் அப்படியே நிற்கும்” என்றேன்.

“சரி, கண்டுபிடி” என்றார் ஹெல்கா.

2. ஒன்றும் நடக்கவில்லை

பூட்டித் திறந்தேன். திறந்து பூட்டினேன். ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். பட்டறையின் சோதனை அறையில் நானும் ஹெல்காவும் மாறி மாறிச் சுட்டோம். நாக்கு தன் பாட்டில் படுத்துக் கிடந்தது. கை வலித்ததுதான் மிச்சம்.

சுகந்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அப்ப நீங்களும் என்னை நம்பேல்லை என்ன?”

“நம்பிறன் தங்கச்சி. ஆனா என்ர நம்பிக்கையைக் கொண்டுபோய் பிரான்ட்டிட்டைக் காட்டேலாது. அண்டைக்கு என்ன தோட்டா போட்டனீங்கள்?”

“பலமான வகை. இரும்புத் தட்டை விழுத்திற போட்டியெல்லோ? மெல்லிசான தோட்டாவுக்குத் தட்டு அசையாது.”

நாங்கள் சுட்டதெல்லாம் பட்டறையில் சோதனைக்கு வைத்திருக்கும் மென்மையான தோட்டாக்கள். உதைப்பு பாதிகூட வராது.

“மிச்சத் தோட்டாவையும் எடுத்துக்கொண்டு திடலுக்கு வாங்கோ. பிரான்ட்டையும் கூப்பிடுங்கோ” என்றேன்.

3. சிவப்பு நகப்பூச்சு

பிரான்ட் வந்தார். முகத்தைப் பார்த்தால் கடமைக்கு வந்தவர் போல இருந்தது. ஆனாலும் வந்தார், அதற்கு அவரை மதிக்கிறேன்.

நான் ரிவோல்வரின் பூட்டைத் திறந்து, நன்றாகத் திறந்திருக்கிறது என்று அவருக்குக் காட்டினேன். சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன். அப்போது சுகந்தி கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு நகப்பூச்சை எடுத்தார். சாவித் துளையின் மேலே தாராளமாகப் பூசி, ஊதிக் காயவைத்தார்.

“இனிச் சாவித் துளை ஒரு மயிரிழை திரும்பினாலும் இந்தப் பூச்சு வெடிக்கும்” என்று பிரான்ட்டிடம் ஜெர்மனில் சொன்னார். இந்த யோசனை எனக்கு வந்திருக்கவில்லை.

சுகந்தி தோட்டா உருளையை நிறைத்துச் சுட்டார். தட்டுகள் விழுந்தன. பூட்டு அசையவில்லை. பிரான்ட் தொண்டையைச் செருமினார். சுகந்தி மறுபடி நிறைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அதோடு சத்தம் நின்றது.

சுகந்தி அசையவில்லை. குழல் இலக்கிலேயே இருந்தது. மற்றக் கை மெதுவாக உயர்ந்தது.

பிரான்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார். நாக்கு எழும்பி நின்றது. நகப்பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. தன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, அது தன்னிடம்தான் இருந்ததா என்று பார்ப்பவர் போலப் பார்த்தார். பிறகு திடலில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “இவர் ஒரு தவறும் செய்யவில்லை. தவறு துப்பாக்கியில். அன்றைக்கு நான் சொன்னது பிழை.”

சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. நான் ஊரில் கிரிக்கெட் பார்க்கும்போது போடுவது போல ஒரு கூச்சல் போட்டேன். காதுமூடி அணிந்திருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

4. கழற்றுவதா, திருத்துவதா

பட்டறையில் ரிவோல்வரின் பக்கத் தகட்டைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. நாக்கைக் கீழே அழுத்தி வைக்கும் மெல்லிய சுருள்வில் இரண்டாக முறிந்திருந்தது. இரண்டு துண்டும் குழியிலேயே கிடந்ததால் மென்மையான தோட்டாவுக்கு அது தாக்குப்பிடித்தது. பலமான உதைப்பு திரும்பத் திரும்ப வந்தபோது துண்டுகள் விலகி, நாக்கு எழும்பியிருக்கிறது.

“கழட்டி விடுங்கோ அண்ணை, எனக்கு இந்தச் சனியன் வேண்டாம். வீட்டிலை இரும்புப் பெட்டகத்துக்குள்ளைதானே வைக்கிறன்” என்றார் சுகந்தி.

“டிராமிலை ஒரு பிரேக் இருக்கெண்டு மற்ற பிரேக்கைக் கழட்டுவீங்களே?”

“கதைக்க ஏலாது உங்களோடை” என்று சிரித்தார். பூட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

புதிய சுருளைப் போட்டு, அதே பலமான தோட்டாக்களால் கை மரத்துப்போகும்வரை சுட்டோம். நாக்கு அசையவில்லை. ரிவோல்வரை இறக்குமதி செய்த நிறுவனத்துக்கு ஹெல்கா முறிந்த துண்டுகளின் படங்களை அனுப்பினார். கழகத்தில் இருந்த அதே வகை ரிவோல்வர்கள் எல்லாவற்றுக்கும் அவர்கள் புதிய சுருள் அனுப்பினார்கள். நான்தான் மாற்றிக் கொடுத்தேன். இன்னொன்றிலும் சுருளில் வெடிப்பு இருந்தது. அது பிரான்ட்டின் ரிவோல்வர். அதைக் கேட்டதும் அவர் எனக்கும் சுகந்திக்கும் குடிக்கக் கோப்பி வாங்கித் தந்தார்.

நிர்வாகக் குழு அணித் தெரிவுக்காகச் சுகந்திக்கு மறுபடி சுட அனுமதி கொடுத்தது. எல்லாத் தட்டுகளையும் விழுத்தினார். அணியில் இடம் கிடைத்தது. மேற்பார்வையாளர் பதவியும் கிடைத்தது.

நான் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன். “தானாக நடந்தது” என்று ஒருவர் சொன்னால் சிரிக்க வேண்டாம். அவர் எதைப் போட்டு, எப்படிச் சுட்டார் என்று கேளுங்கள். அதையே திரும்பச் செய்து பாருங்கள். பயத்தைக் கேட்டுப் பூட்டைக் கழற்றவும் வேண்டாம், பூட்டை நம்பிப் பயத்தைத் தள்ளவும் வேண்டாம்.

பிறகு ஒரு ஞாயிறு நானும் அந்தத் திடலுக்குச் சுடப் போனேன். பக்கத்துத் தடத்தில் பிரான்ட். எங்களுக்குப் பின்னால் மேற்பார்வையாளரின் மஞ்சள் மேலங்கியோடு சுகந்தி. யாரோ ஒருவர் சுடுநர் நிற்கும் கோட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டார்.

“நிறுத்துங்கள்!” என்று ஜெர்மனில் சுகந்தியின் குரல் திடலை அறைந்தது.

நானும் பிரான்ட்டும் ஒரே நேரத்தில் உருளையைத் திறந்து, தோட்டாக்களைக் கொட்டி, ஆயுதத்தை மேசையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நின்றோம்.