மருதாணியின் மேல் விழுந்த பழி

என் லாத்தாவின் கல்யாணம் என்னால்தான் தள்ளிப்போனது. மணப்பெண்ணான அக்காவுக்கென்று அரைத்த மருதாணியில் பாதியை அடம்பிடித்து வாங்கி நான் பூசிக்கொண்ட அதே வாரம், எனக்கு நிமோனியா வந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. சிங்கப்பூரின் தேக்காவில் துணிக்கடை வைத்திருந்த அத்தா கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து, என்னையும் உம்மாவையும் டாக்சியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

எனக்கோ ஒரே குதூகலம். பள்ளிக்கூடம் கிடையாது, டாக்சி சவாரி, போதாததற்கு எக்ஸ்ரே. சில்லென்ற பலகையில் நெஞ்சை அழுத்தி மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டதால் இரண்டாம் தடவையும் எடுத்தார்கள். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டியபோது என் விலா எலும்புகளை நானே பார்த்தேன். ஒரு பக்கம் கீழே வெள்ளையாக ஒரு திட்டு. அதைக் காட்டி டாக்டர் பேசப் பேச உம்மாவின் முகம் வாடியது. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

அடுத்து வந்தது ஒரு மெஷின். அந்த வார்டுக்கே அது புதுசாம். விரலில் கவ்வியை மாட்டினால் உள்ளே சிவப்பு விளக்கு எரியும்; ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று திரையில் எண் வரும். அது நூறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். எனக்கு எண்பத்து நான்கு வந்தது. கணக்குப் பரீட்சையில்கூட நான் வாங்காத மார்க்.

நர்ஸ் விரல் விரலாக மாற்றிப் பார்த்தார். டாக்டர் என் நகங்களைப் பார்த்துவிட்டு, இந்தச் சாயம் வெளிச்சத்தை மறைக்கிறதோ என்று சந்தேகப்பட்டார். எண் நிஜமென்றால் உடனே தீவிர சிகிச்சைக்கு மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். அத்தா அந்தச் சந்தேகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“மருதாணியாலதான் லா. புள்ளைக்கு ஒண்ணுமில்ல,” என்றார் உம்மாவிடம்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் மருதாணியையா குறை சொல்வது? நர்ஸ் கால்விரலுக்குப் போனார், அங்கும் மருதாணி. டாக்டரே சிரித்துவிட்டார். மிச்சமிருந்தது காது. உம்மா என் தோட்டைக் கழற்றினார். திருகாணி கழல நேரமாயிற்று. காதுமடலில் கவ்வியை மாட்டிவிட்டு எல்லோரும் திரையைப் பார்த்தோம்.

எண்பத்து நான்கு.

“பாத்தீங்களா அத்தா, மருதாணி மேல தப்பே இல்ல,” என்று மூச்சிரைக்கச் சொல்லிக் கைதட்டினேன். வழக்கில் ஜெயித்த சந்தோஷம் எனக்கு. நர்ஸ் அதற்குள் கட்டிலின் தடுப்பை உயர்த்திக்கொண்டிருந்தார்.

“ஆமா புள்ள, தப்பில்ல,” என்றார் அத்தா. சிவந்த என் விரல்களை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். மருதாணியிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்றே நினைத்தேன்.