இடது பக்கக் கதவு

இன்னைக்குக் காலைல ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போய், வாங்காம வந்துட்டேன்.

திருவண்ணாமலைல, ரமணாசிரமம் பக்கத்துத் தெருவுல ஒரு சார் வெச்சிருக்காரு. செவப்பு கலர், ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு. சார் தனி ஆளு. தினமும் காலைல அந்தக் கார்லயே மலையைச் சுத்துவாராம். கிரிவலப் பாதைல இருக்குற எட்டு லிங்கத்துலயும் நிறுத்தி, இறங்கிக் கும்பிட்டுட்டு ஏறுவாராம்.

"இருபது வருஷமா நான் மட்டும்தான் தம்பி. பக்கத்து சீட்டுல ஒருத்தரும் உக்காந்தது கிடையாது"ன்னாரு.

வண்டி பாடி வேலை பாக்குற எங்க டிங்கர் பாஷா பாயைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். இந்த மாதிரி வண்டில கதவு நீளம், வெயிட்டும் ஜாஸ்தி, அதனால கீல் மாட்டுற இடம்தான் மொதல்ல விடும்னு வழியிலேயே சொன்னாரு. டிரைவர் கதவைத் திறந்து, அடியில கை குடுத்துத் தூக்கிப் பாத்தாரு. லேசாதான் ஆடுச்சு.

பக்கத்து சீட்டோட இடது கதவைத் திறந்ததும் அது ஒரு விரல் அளவு தொங்கிடுச்சு. கீல் ஆணி தேஞ்சு, தகடு கிழிஞ்சிருந்துச்சு.

"துரு இல்ல சார். யாரோ தினம் கதவைப் புடிச்சு அழுத்தி எழுந்திரிச்சதால வந்த தேய்மானம். லிங்கத்துக்கு லிங்கம் நீங்க அந்தப் பக்கம் இறங்குறீங்க. இந்தப் பக்கம் யாரு?"ன்னாரு பாய்.

சார் சாவியை எடுத்தாரு. "ஒரு ரவுண்டு போலாம், ஏறுங்க தம்பி"ன்னாரு.

ஏறினேன். முட்டி டேஷ்போர்டுல இடிச்சுது. யாரோ குள்ளமானவங்களுக்கு வெச்ச மாதிரி சீட்டு முன்னாடி தள்ளியிருந்துச்சு. பின்னாடி நகத்த லிவரைத் தேடினேன்.

"வேணாம் தம்பி"ன்னாரு சார். "நாளைக்குக் காலைல நான் மறுபடியும் முன்னாடி இழுக்கணும்."

பாய் பைக்லயே திரும்பி வந்துட்டேன். வண்டி இன்னும் விலைக்குத்தான் இருக்கு. யாருக்காவது வேணும்னா கேளுங்க, அட்ரஸ் தரேன். சீட்டை மட்டும் நகத்தாதீங்க.